மனநல ஆலோசகரிடம் எந்தக் கட்டத்தில் போக வேண்டும்? சாதாரணக் கவலைக்கும் போகலாமா?

வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், ஆனாலும் ஏதோ சரியில்லை, இதற்கெல்லாம் போனால் சிரிப்பார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். நான் மூன்றரை வருடம் அப்படித்தான் இருந்தேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரை ஷீட் பறந்ததோடு தப்பித்தோம். 2015 வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் சிமெண்ட் மூட்டைகள் கல்லாகிக் கிடந்தன. கடப்பாரை போட்டுப் பெயர்த்தோம். ஆணிப் பெட்டியைத் திறந்தால் துரு உருண்டைதான் இருந்தது.

இன்சூரன்ஸ் இருந்ததே என்பீர்கள். இருந்தது. கடைகளுக்கு எடுக்கும் தீ விபத்துப் பாலிசியில் புயல், வெள்ளமும் சேர்ந்தேதான் வரும். அப்போது அதை நீக்கிக்கொண்டால் பிரீமியம் கொஞ்சம் குறையும். எங்கள் ஏஜென்ட், தூரத்துச் சொந்தம், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து நீக்கியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் வந்து நின்று, "சரக்கைத் தரையில யாராவது வைப்பாங்களா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றே பாலிசியை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

2019 சித்திரை மாதம். வெயில் கொளுத்துகிறது, வானத்தில் ஒரு மேகம் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும். செல்போனில் மழை வருமா என்று பார்ப்பேன். அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், கீழ்த்தட்டில் இருக்கும் பெயிண்ட் டின், மோட்டார், ஆணிப் பெட்டி எல்லாவற்றையும் மேல்தட்டில் ஏற்றுவேன். காலையில் கடைப் பையன், "அண்ணே, ரேக்கை யாருண்ணே மாத்துனது?" என்பான். தெரியாது என்பேன். ஒருநாள் வாடிக்கையாளர் முன்னாலேயே, "நீதான்டா கண்ட இடத்துல வைக்கிற" என்று அவனைத் திட்டிவிட்டேன். அவன் பதில் பேசாமல் எல்லாவற்றையும் கீழே இறக்கி வைத்தான். அன்றைக்குத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அழுகை வந்து போகவில்லை, சாக வேண்டும் என்று தோன்றிப் போகவில்லை. மறைப்பதற்காக அடுத்தவன் மேல் பழி போட ஆரம்பித்தேன், அதனால் போனேன். நியாயமாகப் பார்த்தால் அதற்கு மிக முன்பே போயிருக்க வேண்டும். தூக்கம், பசி, வேலையில் கவனம் இவற்றில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் கோரிமேட்டு வரிசையில் நின்றால் பாதிப் பேர் கடலூர்க்காரர்களாக இருப்பார்கள் என்று பயந்து, புதுச்சேரியிலேயே ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் முதலில் தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு அதிகம் சுரந்தாலும் படபடப்பும் தூக்கமின்மையும் வருமாம். அதெல்லாம் சரியாக இருந்தது. சில மாதம் மாத்திரை கொடுத்து, ஓர் உளவியலாளரிடமும் அனுப்பினார். இருவரும் ஒன்றில்லை. மனநல மருத்துவர் மருந்து எழுதுவார், உளவியலாளர் எழுத மாட்டார், உட்கார வைத்துப் பேசுவார். அந்த அம்மா என்னை ஒரு நோட்டில் விழித்த நேரத்தை எழுதச் சொன்னார். அப்புறம் தினமும் ஒரே ஒரு டின்னைக் கீழ்த்தட்டிலேயே விட்டுவிட்டுப் படுக்கச் சொன்னார். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். முதல் வாரம் அந்த டின்னை நினைத்து வேர்த்துக் கொட்டியது. வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டிக் கீழ்த்தட்டு நிறைய ஐந்து மாதம் ஆயிற்று.

இதில் ஒரு கூத்து. மாதம் இரண்டு சனிக்கிழமை தனியாகப் பாண்டிக்கு பஸ் ஏறினால் கடலூரில் என்ன நினைப்பார்கள்? பக்கத்துக் கடைக்காரர், "என்னா முதலாளி, ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கண்ணடித்தார். நானும் சிரித்து வைத்தேன். குடிக்கிறவன் என்ற பெயர் எனக்கு வசதியாக இருந்தது, இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். திரும்பும்போது ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி பையைத் துழாவினார்கள். பாட்டிலுக்குப் பதில் நோட்டு கிடைத்தது. 2.10, 2.45, 3.20 என்று வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னா சார் இது?" என்றார் காவலர். கடைக் கணக்கு என்றேன்.

காசு இருக்கிறவன் கதை என்று சொல்ல வருபவர்களுக்கு: 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண், இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. கோயிலுக்குப் போனால் போதாதா என்பவர்களுக்கு: பாடலீஸ்வரர் கோயிலுக்கு வாரம் தவறாமல் போய்க்கொண்டுதான் இருந்தேன், இப்போதும் போகிறேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே போங்கள். நான் மருத்துவர் இல்லை, மற்றதை அவர்களிடம் கேளுங்கள்.

என் மனைவிக்கு எல்லாம் தெரியும். அந்தப் பையனுக்குத்தான் தெரியாது. இப்போது நெல்லிக்குப்பத்தில் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறான். திறப்பு விழாவுக்குப் போனபோது பார்த்தேன், கீழ்த்தட்டைக் காலியாக விட்டிருந்தான். "உங்ககிட்ட கத்துக்கிட்டதுதாண்ணே" என்றான்.