மணிக்கோபுரக் காசும் பங்குமனைக் கூரையும்

கேள்வி: எங்கள் கோயிலுக்கு மணிக்கோபுரம் கட்டவென்று ஊரும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் சேர்த்த காசு 18 இலட்சம். பங்கின் கணக்கில் இருந்த 7 இலட்சத்தைப் புதிதாக வந்த சுவாமி எடுத்துத் தான் தங்கும் பங்குமனையின் கூரைக்குப் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்ட பங்குச் சபையையும் கலைத்துவிட்டார். மிச்சக் காசு பழைய குழுவில் மூவர் பெயரில் வங்கியில் கிடக்கிறது. கொடியேற்றத்தன்று கேற்றைப் பூட்டுவோம் என்று இளைஞர்கள் நிற்கிறார்கள். சிலர் ஞாயிறு காணிக்கையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு மகளின் கலியாணமும் வருகிறது. முன்னுக்கு நின்றால் சுவாமி அதற்கு வேண்டிய பத்திரம் தரமாட்டாரோ என்று பயம். என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், மட்டக்களப்பு மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு முறைப்பாடுகள் கலந்து கிடக்கின்றன. காசு விடயத்தில் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. சபையைக் கலைத்த விடயத்தில் அவ்வளவாக நிற்காது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால், சபைப் பிரச்சினைக்கு மட்டும் பதில் வரும், காசு மறைந்துபோகும்.

1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 536ஆம் சட்டப்படி பங்குச் சபைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. அது பங்குகளில் வேண்டுமா என்பதையும் ஆயர்தான் தீர்மானிப்பார். ஆனால் அடுத்த சட்டம், 537, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆகவேண்டும் என்கிறது. ஆகவே “சபையை ஏன் கலைத்தீர்கள்?” என்று கேட்காதீர்கள். “நிதிக்குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கூரை வேலை பற்றி அவர்களிடம் கேட்கப்பட்டதா?” என்று கேளுங்கள்.

காசுக்கு வருவோம். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று விசுவாசிகள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்பது 1267ஆம் சட்டத்தின் 3ஆம் பிரிவு. கூரை ஒழுகியது உண்மையாகவே இருக்கலாம். அதற்காக மணிக்கோபுரக் காசில் கை வைக்க முடியாது.

இதில் பலர் சறுக்கும் இடம் பற்றுச்சீட்டு. சீட்டில் “மணிக்கோபுர நிதி” என்று இருக்கிறதா, “ஆலய வளர்ச்சி நிதி” என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் “கூரையும் வளர்ச்சிதானே” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்படியானால் வேறு சான்று தேடவேண்டும்: பூசை முடிவில் வாசித்த அறிவித்தலின் பிரதி, அச்சடித்த வேண்டுகோள், சுவிஸுக்கும் லண்டனுக்கும் போன வட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பியவர் வங்கிப் படிவத்தில் எழுதிய காரணம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள் யாரிடம் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். அவை தொலைந்த பிறகு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

மூவர் பெயரில் உள்ள 11 இலட்சத்தைத் தொடவேண்டாம். “பாதுகாப்பாக எடுத்து வைப்போம்” என்று யாராவது சொல்வார்கள். எடுத்த அன்றே கணக்குக் காட்டவேண்டியவர்கள் நீங்களாகிவிடுவீர்கள். வங்கி அறிக்கை ஒன்றை மட்டும் எடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள்.

முதலில் சுவாமியை நேரில் கண்டு கதையுங்கள், இரண்டு மூன்று பேர் போதும். பதில் இல்லையென்றால் ஆயருக்கு எழுதுங்கள். குழுவின் பெயரில் எழுதாதீர்கள். சட்ட ஆளுமை இல்லாத, அதாவது திருச்சபைச் சட்டம் தனி அமைப்பாக ஏற்காத ஒரு குழு, குழுவாக மேல்முறையீடு செய்ய முடியாது, பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனியாகவோ சேர்ந்தோ செய்யலாம் என்று 1987இல் உரோமாபுரி விளக்கம் கொடுத்திருக்கிறது. பங்குகளின் பல மனுக்கள் விழுவது இங்கேதான். ஆகவே காசு கொடுத்தவர்கள் பெயர், முகவரி, கொடுத்த தொகையோடு கையெழுத்து வைக்கட்டும். பன்னிரண்டு பேர் அப்படி வைத்தால், திருவிழாச் சாப்பாட்டுப் பந்தியில் சேர்த்த முந்நூறு கையெழுத்தைவிட அது கனக்கும். பெயரில்லாத மொட்டைக் கடிதம் வேண்டவே வேண்டாம்.

கடிதம் ஒரு பக்கம் தாண்டக்கூடாது. சுவாமியின் குணம், பிரசங்கம், யார் வீட்டுக்குப் போகிறார் என்பதெல்லாம் அதில் வரக்கூடாது. கேட்கவேண்டியவை மூன்று: 7 இலட்சத்தை மணிக்கோபுர நிதிக்குத் திருப்பிச் சேர்க்கவேண்டும். விசுவாசிகள் கொடுத்த பணத்துக்கு அவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் (சட்டம் 1287, பிரிவு 2). புதிய பங்குத்தந்தை பொறுப்பேற்கும்போது 1283ஆம் சட்டப்படி எழுதப்படவேண்டிய சொத்துப் பட்டியலில் இந்த நிதி இருந்ததா என்று பார்க்கவேண்டும். அந்தப் பட்டியலின் ஒரு பிரதி பங்கிலும் மற்றது மறைமாவட்ட அலுவலகத்திலும் இருக்கவேண்டியது. ஆயர் இல்லத்தில் நேரே கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். தபால் என்றால் பதிவுத் தபால். அதே நாளில் கொழும்பிலுள்ள திருத்தந்தையின் தூதுவருக்கும் பத்திரிகைக்கும் பிரதி போடுவது நம் ஊர்ப் பழக்கம். ஆயர் பதில் சொல்லுமுன் அதைச் செய்தால் அவர் விசாரிக்கமாட்டார், தற்காப்புக்குப் போவார்.

மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே சட்டம் கொள்ளும் (57). எழுத்தில் தீர்ப்பு வந்து அது திருப்தியில்லை என்றால் நாட்கள் குறுகியவை: மாற்றும்படி ஆயரிடமே எழுத்தில் கேட்க 10 நாள், அவர் பதில் சொல்ல 30 நாள், பிறகு உரோமிலுள்ள உரிய திருப்பீடத் துறைக்கு முறையிட 15 நாள். அந்த முறையீட்டை ஆயரிடமே கொடுத்து அனுப்பச் சொல்லலாம், அவர் உடனே அனுப்பக் கடமைப்பட்டவர். தீர்ப்பு கைக்குக் கிடைத்த திகதியை உறையிலேயே எழுதிவையுங்கள்.

சுவாமியை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். கேட்டது கிடைத்தும்விடும், அதுதான் ஆபத்து. அவர் வேறு பங்குக்குப் போவார், ஊர் பட்டாசு கொளுத்தும், வருபவர் “அது எனக்கு முந்தின கதை” என்பார். 7 இலட்சமும் அத்தோடு போய்விடும்.

இளைஞர்களிடம் சொல்லுங்கள்: கேற்றைப் பூட்டினால் மறுநாள் பொலிஸ் விசாரிப்பது பூட்டைப் பற்றித்தான், காசைப் பற்றி அல்ல. காணிக்கையை நிறுத்தினால் மின்கட்டணமும் கோயில் வேலையாளின் சம்பளமும்தான் முதலில் நிற்கும், சுவாமியின் சோறு நிற்காது. நம்பிக்கை இல்லாதவர்கள் உறையில் “மின்கட்டணத்துக்கு” என்று எழுதிப் போடட்டும். 1267 அந்த உறைக்கும் பொருந்தும்.

கலியாணத்தைப் பற்றிப் பயப்படவேண்டாம். தகுதியோடு முறையாகக் கேட்பவருக்குத் திருமணம் போன்ற திருவருட்சாதனத்தை மறுக்க 843ஆம் சட்டம் இடம் கொடுக்காது. மகளின் திருமுழுக்குச் சான்றிதழை இப்போதே எழுத்தில் கேளுங்கள். வேறு பங்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தால் அங்கேதான் பதிவு இருக்கும், இந்தச் சுவாமியின் கையெழுத்து அதற்குத் தேவையில்லை. சாட்டுச் சொல்லி இழுத்தடித்தால், ஆயருக்கு அடுத்த பொறுப்பிலுள்ள குருமுதல்வரிடம் போங்கள். அதையும் காசுக் கடிதத்தில் சேர்க்காமல் தனியாகக் கொண்டுபோங்கள்.