லாக் எதைக் காக்கிறது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லினக்ஸில் ஒரு சென்சார் போர்டுக்கு கேரக்டர் டிரைவர் (இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடி, போர்டை ஒரு கோப்புபோல் படிக்கத் தரும் நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். போர்டு இன்டரப்ட் (சிபியுவின் வேலையை இடைமறிக்கும் சைகை) கொடுத்ததும், அதற்கென எழுதிய ஹேண்ட்லர் ஃபங்ஷன் அளவீடுகளை வாங்கி ஒரு பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) போடுகிறது. பயனர் நிரல் ரீட் அழைத்தால் அந்தப் பஃபரிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன். இரண்டு இடத்திலும் ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சிபியு சுழன்றபடியே காத்திருக்கும் லாக்) போட்டிருக்கிறேன். ரீட் தொடங்கும்போது பிடித்து, தரவைப் பயனர் நிரலுக்கு நகலெடுக்கும் காபி_டு_யூசர் முடிந்தபின் விடுகிறேன். மணிக்கணக்கில் நன்றாக ஓடுகிறது, பிறகு திடீரென்று சிஸ்டமே உறைந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மியூடெக்ஸாகப் (இன்னொரு வகை லாக்) போடு என்கிறார் நண்பர். போட்டால் கெர்னல் எச்சரிக்கைகளாகக் கொட்டுகிறது. டிரைவர் மாட்யூலைக் கெர்னலிலிருந்து நீக்கும்போதும் எப்போதாவது கெர்னல் விழுகிறது. எங்கே எந்த லாக் என்று ஒரு விதி சொல்ல முடியுமா?

ச.

அன்புள்ள ச.,

"இரண்டு இடத்திலும் ஸ்பின்லாக் போட்டிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இடங்களை எண்ணியிருக்கிறீர்கள். எண்ண வேண்டியது தரவை. இந்தப் பஃபரை யார் யார் தொடுகிறார்கள், ஒவ்வொருவரும் எந்தச் சூழலில் நின்று தொடுகிறார்கள், அந்தச் சூழலில் தூங்க, அதாவது சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்க, அனுமதி உண்டா? இந்தப் பட்டியலை முதலில் எழுதிவிட்டால் லாக் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். உங்கள் டிரைவரில் தொடுபவர்கள் இரு வகை. ஒன்று இன்டரப்ட் ஹேண்ட்லர். அது தூங்கக் கூடாது. மற்றது ரீட் அழைக்கும் புராசஸ்கள். அவை தூங்கலாம், ஒரே நேரத்தில் பலவும் வரலாம்.

உறைவது ஏன் என்பதைப் பார்ப்போம். ரீட் லாக்கைப் பிடித்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து அதே சிபியுவில் இன்டரப்ட் வருகிறது. ரீட் பாதியில் நிற்க, ஹேண்ட்லர் அதே லாக்கைக் கேட்டுச் சுழல்கிறது. ஹேண்ட்லர் முடிந்தால்தான் ரீட் நகரும். ரீட் நகர்ந்து லாக்கை விட்டால்தான் ஹேண்ட்லர் முடியும். இனி அந்த சிபியு திரும்பாது. இன்டரப்ட் வேறொரு சிபியுவுக்குப் போயிருந்தால் ஒரு பாதகமும் இல்லை: ஹேண்ட்லர் அங்கே சற்றுச் சுழன்று, ரீட் விட்டதும் பிடித்துக்கொள்ளும். மணிக்கணக்கில் நன்றாக ஓடியதன் காரணம் இதுதான். ஸ்பின்லாக்கை வைத்துக்கொள்வதானால், ரீட் பக்கம் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் வேண்டும். அது அந்த சிபியுவில் இன்டரப்ட்டை நிறுத்திவிட்டு லாக்கைப் பிடிக்கும், விடும்போது பழைய நிலையை அப்படியே மீட்டுவைக்கும். ஹேண்ட்லருக்குள் சாதாரண ஸ்பின்_லாக் போதும்.

ஒற்றை சிபியுவுக்கென்று, பிரீஎம்ப்ஷன் (ஓடும் வேலையை நடுவில் நிறுத்தி வேறொன்றுக்கு மாறுவது) இல்லாமல் கட்டப்பட்ட கெர்னலில் சாதாரண ஸ்பின்லாக் கம்பைல் ஆகும்போதே காணாமல் போய்விடும். அப்படிப்பட்ட போர்டில் மாதக்கணக்கில் ஓடிய டிரைவர் என்று யாராவது சொன்னால், அதன் லாக்குகளைப் பற்றி அந்த ஓட்டம் ஒன்றுமே நிரூபிக்கவில்லை.

இரண்டாவது பிழை காபி_டு_யூசர். பயனர் நிரலின் நினைவகப் பக்கம் (பேஜ்) அந்த நேரத்தில் நினைவகத்தில் இல்லாமல் போகலாம். அப்போது பேஜ் ஃபால்ட் வரும், கெர்னல் டிஸ்க்கிலிருந்து அதைக் கொண்டுவர வேண்டும், அதுவரை உங்கள் புராசஸ் தூங்கும். ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. ஜிஎஃப்பி_கெர்னல் கொடுத்து, அதாவது தேவைப்பட்டால் தூங்கலாம் என்று சொல்லி, நினைவகம் ஒதுக்கும் கேமல்லாக்கை அழைப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

நண்பர் சொன்ன மியூடெக்ஸ், ஹேண்ட்லருக்குள் செல்லாது. கிடைக்காவிட்டால் தூங்கவைக்கும் லாக் அது. ஹேண்ட்லரோ தூங்க முடியாதது. எச்சரிக்கைகள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் ரீட் அழைக்கும் புராசஸ்கள் தங்களுக்குள் மோதாமல் இருக்க மியூடெக்ஸ்தான் சரி. அதன் பாதுகாப்பில் காபி_டு_யூசர் தாராளமாக ஓடலாம்.

இப்போது பட்டியலுக்குத் திரும்புங்கள். மியூடெக்ஸ் வந்ததும் ஒரு சமயத்தில் ஒரே ஒரு ரீடர்தான். போடுபவரும் ஒருவரே, அதாவது ஹேண்ட்லர். ஒருவர் போட, ஒருவர் எடுக்க என்றிருக்கும் வரிசைக்கு கெர்னலிலேயே கேஃபைஃபோ என்ற தயாரான பஃபர் இருக்கிறது. போடுபவர் ஒரு குறியீட்டை (எந்த இடம்வரை வந்தாயிற்று என்ற எண்ணை) மட்டும் நகர்த்துகிறார், எடுப்பவர் மற்றதை மட்டும் நகர்த்துகிறார். தேவையான மெமரி பேரியர்களும் (நினைவகத்தில் எழுதும், படிக்கும் வரிசை குலையாமல் காப்பவை) உள்ளேயே உண்டு. அதனால் இருவருக்கும் இடையே லாக் வேண்டாம். உங்கள் ஸ்பின்லாக்கையே எடுத்துவிடலாம்! ஒரு எச்சரிக்கை மட்டும்: பஃபரைக் காலிசெய்யும் வசதி கொடுத்தால் கேஃபைஃபோ_ரீசெட்டைத் தொடாதீர்கள். அது இரண்டு குறியீடுகளையும் மாற்றும், ஒப்பந்தம் உடைந்துபோகும். ரீடர் பக்கம் அதே மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு கேஃபைஃபோ_ரீசெட்_அவுட் அழையுங்கள்.

பஃபர் காலியாக இருந்தால் ரீட் காத்திருக்க வேண்டுமே, அந்த நேரத்தில் மியூடெக்ஸை விட்டுவிடுங்கள். காத்திருக்கவைக்கும் வெயிட்_ஈவென்ட்_இன்டரப்டிபிள் திரும்பி வந்ததும் மறுபடி பிடித்து, தரவு இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். நீங்கள் விழித்தெழுவதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் வேறொரு ரீடர் எடுத்துப் போயிருக்கலாம். இல்லையென்றால் திரும்பவும் காத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரே லாக் என்ற யோசனைக்கு லினக்ஸின் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. 1996இல் 2.0 பதிப்பில் பல சிபியு ஆதரவு வந்தபோது, கெர்னல் முழுக்க ஒரே பெரிய லாக்காகத்தான் தொடங்கினார்கள். அன்றைக்கு அது நியாயமான முடிவு. சிக்கல் பின்னால் வந்தது. அந்த லாக்கை எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும், அது எந்தத் தரவைக் காக்கிறது என்று உறுதியாகச் சொல்வது கடினமாக இருந்தது. சொல்ல முடியாததை நீக்கவும் துணிய முடியாது. அதை முழுவதுமாகக் களைந்தது 2011இல், 2.6.39 பதிப்பில். ஆகவே டிரைவரின் தரவுகளைத் தொகுத்து வைத்திருக்கும் உங்கள் ஸ்ட்ரக்டில் மியூடெக்ஸ் வரிக்கு மேலே, அது எந்தெந்த உறுப்புகளைக் காக்கிறது என்று இன்றே ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.

சோதிக்கும் கெர்னலில் கான்ஃபிக்_ப்ரூவ்_லாக்கிங், கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் இரண்டையும் இயக்குங்கள். இரண்டாவது, தூங்கக் கூடாத இடத்தில் தூங்க முயன்றால் எச்சரிக்கும். முதலாவது லாக்டெப், லாக்குகளை எடுக்கும் விதத்தைக் கண்காணிக்கும் கருவி. 2006இல் 2.6.18 பதிப்பில் சேர்ந்தது. டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து அப்படியே நின்றுபோவது) நேரும்வரை அது காத்திருக்காது. ஒரு லாக் ஹேண்ட்லருக்குள் ஒரு தடவை, இன்டரப்ட் திறந்திருக்கும்போது வெளியே ஒரு தடவை எடுக்கப்பட்டதைப் பார்த்தாலே போதும், எச்சரித்துவிடும். உங்கள் பழைய நிரலை அதில் ஓட்டியிருந்தால் முதல் சில நிமிடங்களிலேயே கதை வெளிவந்திருக்கும். வேகம் குறையும், பரவாயில்லை.

மாட்யூலை நீக்கும்போது விழுவது தனிக் கதை. டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ வழியாக (தானாகவே விடுவிக்கப்படும் வகையில்) இன்டரப்ட்டைப் பதிந்துவிட்டு, நீக்கும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனில் பஃபரை நீங்களே கேஃப்ரீ செய்கிறீர்களா, அதாவது விடுவிக்கிறீர்களா என்று பாருங்கள். டெவ்எம் வகையில் பதிந்தவை ரிமூவ் முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும். அந்த இடைவெளியில் ஒரு இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் எழுதும். முதலில் போர்டிலேயே இன்டரப்ட்டை அணையுங்கள். அடுத்து (இன்டரப்ட்டை டெவ்எம் இல்லாமல் பதிந்திருந்தால்) ஃப்ரீ_ஐஆர்க்யூ, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை அது காத்திருக்கும். ஒர்க் (பின்னர் செய்ய ஒத்திவைத்த வேலை) ஏதாவது வரிசையில் இருந்தால் கேன்சல்_ஒர்க்_சிங்க். பஃபரைக் கடைசியில் விடுங்கள். டெவ்எம்மை விட மனமில்லையென்றால் பஃபரையும் டெவ்எம் வழியாகவே, இன்டரப்ட்டுக்கு முன்னால் ஒதுக்குங்கள். விடுவிப்பு தலைகீழ் வரிசையில் நடக்கும்.

அதன்பிறகும் விழுந்தால், கெர்னல் விழும்போது காட்டும் ஊப்ஸ் என்ற பிழைச் செய்தியை முழுதாக இணைத்து எழுதுங்கள், ரிமூவ் ஃபங்ஷனையும் சேர்த்து.

அன்புடன்,
க.