அகலக்கால்

வணக்கம்.

கூகுள் பற்றிய செய்திகளைக் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். தேடலுக்காக ஒன்று, விளம்பரத் தொழில்நுட்பத்துக்காக ஒன்று என்று அமெரிக்க அரசு இரண்டு வழக்குகள் போட்டு, இரண்டிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்பும் வாங்கிவிட்டது. ப்ளே ஸ்டோர் விஷயத்தில் எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு மென்பொருள் நிறுவனம் போட்ட வழக்கில் அது ஜெயித்துவிட்டது. ஐரோப்பிய ஆணையம் அபராதத்துக்கு மேல் அபராதம் போடுகிறது. இன்னொரு பக்கம் சாட்ஜிபிடியைக் கொண்டுவந்த ஓப்பன்ஏஐ. கணினி வசதியை வாடகைக்கு விடும் கிளவுட் தொழிலில் அமேசானும் மைக்ரோசாஃப்டும். இத்தனை பேரோடு ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட ஒரு நிறுவனத்தால் முடியுமா? அகலக்கால் வைத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் பட்டியல் சரி. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒரே சண்டைதான் என்று நினைக்கிறேன். கூகுளின் கல்லாப்பெட்டி தேடல் கட்டம். அதில் நாம் தட்டச்சு செய்கிற சொற்களுக்குப் பக்கத்தில் வருகிற விளம்பரம்தான் பணம். ஆண்ட்ராய்டை இலவசமாகக் கொடுத்தது, 2008இல் குரோம் உலாவியைக் கொண்டுவந்தது, ஐபோனில் தானே முதல் தேடலாக இருப்பதற்காக 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது, எல்லாமே அந்தக் கட்டத்துக்கும் நமக்கும் நடுவில் வேறு யாரும் வந்து நின்றுவிடக் கூடாது என்பதற்காக. ஆப்பிளுக்குப் போன பணம்தான் அமெரிக்கத் தேடல் வழக்கின் மையம். ஆண்ட்ராய்டோடு தேடலையும் குரோமையும் கட்டிக் கொடுத்ததுதான் 2018இல் ஐரோப்பா போட்ட பெரிய அபராதத்துக்குக் காரணம். எபிக்கும் கிளவுடும் கொஞ்சம் தள்ளி நிற்பவை. மற்றதெல்லாம் ஒரே கல்லாவைச் சுற்றி நடப்பது.

பணத்தால் தளர்ந்துவிடுவார்களா என்றால், மாட்டார்கள். 2017, 2018, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஐரோப்பிய ஆணையம் போட்ட பெரிய அபராதங்களைக் கூட்டினால், மேல்முறையீட்டில் குறைந்தது போக, சுமார் 950 கோடி யூரோ வரும். 2019இல் போட்ட இன்னொன்றை நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2024 நிகர லாபம் 10,000 கோடி டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு ஆண்டு அபராதம் ஒன்றரை மாத லாபத்துக்குள் அடங்கிவிடும். வழக்குகளும் அப்படித்தான். ஆண்ட்ராய்டில் இருந்த சுமார் 11,500 வரி நிரலுக்காக ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனம் 2010இல் தொடுத்த வழக்கு 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது, கூகுளுக்குச் சாதகமாக. வாய்தா மேல் வாய்தாவாக அது இழுத்த அந்தப் பத்தாண்டுகளில்தான் ஆண்ட்ராய்டு உலகத்தின் பெரும்பாலான கைப்பேசிகளுக்குள் போய் உட்கார்ந்தது. வக்கீல்கள் மோதிக்கொண்டே இருந்தார்கள், பொறியாளர்கள் வேலையைப் பார்த்தார்கள்.

அப்புறம், சண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சில நேரம் ஒன்றை ஒன்று கழித்துவிடுகிறது. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தபோது கூகுளுக்கு இனி ஆபத்து என்று எல்லோரும் எழுதினோம், நானும் எழுதினேன். 2025 செப்டம்பரில் நீதிபதி அமித் மேத்தா தேடல் வழக்கில் தீர்வைச் சொன்னபோது, செயற்கை நுண்ணறிவின் வரவு இந்த வழக்கின் போக்கையே மாற்றிவிட்டது என்றார். குரோமை விற்கச் சொல்லி அரசு கேட்டிருந்தது. அவர் மறுத்துவிட்டார். பிரத்தியேக ஒப்பந்தங்கள் கூடாது, சில தேடல் தரவுகளைப் போட்டியாளர்களோடு பகிர வேண்டும், அவ்வளவோடு நிறுத்தினார். சந்தையில் அடித்த எதிரி நீதிமன்றத்தில் கேடயமாகிவிட்டார்.

அப்படியென்றால் கவலைப்பட ஒன்றுமில்லையா? இருக்கிறது. என்னை உறுத்துவது நீதிமன்றத்தில் வந்த ஒரு சின்ன சாட்சியம். கூகுள் ஊழியர்களின் உள் சாட்டில், பதிவை அணைத்துவிட்டால் 24 மணி நேரத்தில் பேச்சு அழிந்துவிடும் என்ற வசதி இருந்தது. பேச்சு முக்கியமான இடத்துக்கு வரும்போது, பதிவை அணைத்துவிட்டுப் பேசலாமா என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்கும் வரிகளை எபிக் வழக்கில் எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். கவனமாக எழுதுங்கள் என்று ஊழியர்களுக்குப் பயிற்சியே இருந்தது. ‘சந்தை’ போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மின்னஞ்சலில் ஒரு வக்கீலையும் சேர்த்துக்கொள்வது பழக்கமாக இருந்திருக்கிறது.

கொஞ்சம் யோசியுங்கள் எஸ். ஒரு பொறியாளருக்கு ஒரு யோசனை வருகிறது. அதை எழுதுவதற்கு முன்னால், நாளைக்கு ஒரு நீதிபதி இதைப் படித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறார். பாதி எழுதி அழிக்கிறார். மீதியைச் சுற்றி வளைத்து எழுதுகிறார். பல ஆயிரம் பேர் பல ஆண்டுகள் இப்படி எழுதினால், உண்மையை நேராகப் பேசுகிற பழக்கமே அந்த இடத்தில் தேய்ந்துவிடும். அகலக்கால் என்று நீங்கள் சொல்வதை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

மைக்ரோசாஃப்டிலும் இது நடந்தது. அமெரிக்க அரசு அதன் மேல் போட்ட ஏகபோக வழக்கில் 1998இல் அதன் தலைவர் பில் கேட்ஸிடம் எடுத்த வாக்குமூலத்தின் வீடியோவைப் பாருங்கள். சாதாரணக் கேள்விக்குக்கூட அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வழக்கு நிறுவனத்தை உடைக்கவில்லை. இரண்டாகப் பிரிக்கச் சொன்ன தீர்ப்பு 2001இல் மேல்முறையீட்டில் விழுந்துவிட்டது. ஆனால் அந்த வழக்கு தன் கவனத்தைச் சிதறடித்ததால்தான் கைப்பேசி மென்பொருளில் கோட்டைவிட்டோம் என்று 2019இல் கேட்ஸே சொன்னார். அது முழுக் காரணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், தோற்றவர் சொல்கிற காரணம் அது. ஆனாலும் ஒரு நிறுவனத்தில் பெரிய முடிவெடுப்பவர்கள் பத்துப் பேர்தான். அவர்களுடைய நாளுக்கும் 24 மணி நேரம்தான்.

கூகுள் இதற்கான விலையை ஒருமுறை கொடுத்துவிட்டது என்பது என் எண்ணம். இன்றைய உரையாடு மென்பொருள்கள் அனைத்துக்கும் அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் ஆய்வுக் கட்டுரை 2017இல் கூகுளில் பிறந்தது. அதை எழுதிய எட்டுப் பேரும் பிறகு ஒவ்வொருவராக வெளியேறினார்கள், ஒருவர் மட்டும் 2024இல் திரும்பினார். பேசும் மென்பொருள் கையில் இருந்தும் வெளியிடத் தயங்கினார்கள். அது தப்பாகப் பேசிவிட்டால் பெயர் கெடும், சரியாகப் பேசினால் கல்லாவில் கை வைக்கும். தயங்கியவர்கள் 2023 பிப்ரவரியில் தங்கள் உரையாடு மென்பொருளான பார்டை அவசரமாக அறிவித்தபோது, விளம்பரத்திலேயே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பற்றித் தப்பான பதில் வந்தது. ஒரே நாளில் பங்குச் சந்தையில் சுமார் 10,000 கோடி டாலர் மதிப்பு போயிற்று. ஐரோப்பா எட்டு ஆண்டுகளில் போட்ட மொத்த அபராதத்தைப்போல அது சுமார் ஒன்பது மடங்கு.

அதனால் அடுத்த தீர்ப்பு எப்போது வரும், யார் ஜெயிப்பார்கள் என்பதை நான் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அங்கிருந்து யார் வெளியே போகிறார்கள், போய் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறேன். நீங்களும் அதைப் பாருங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் எழுதுங்கள்.