மக்கள் விரும்பாத போருக்கு 1987இல் படை அனுப்பப்பட்டதை நாடாளுமன்றம் ஏன் தடுக்கவில்லை?

இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்று நம் அரசமைப்பில் எங்கும் இல்லை. மத்திய அரசு முடிவெடுத்தால் போதும். அதனால்தான் 1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கையோடு படை புறப்பட்டது. ஈழத்தமிழரைக் காக்கப் போகிறது என்று நம்பி வழியனுப்பப்பட்ட அந்தப் படையே அக்டோபரில் விடுதலைப்புலிகளோடு மோதி, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவர்களும் உயிரிழந்தபோது, மக்களின் ஆத்திரம் அரசியல்வாதிகள் மீது திரும்பியதில் வியப்பில்லை.

மும்பையில் மாட்டுங்கா, சயான் பகுதிகளில் வாழும் எங்களுக்கு இது தொலைவில் நடந்த போரன்று. இந்நகரில் பிறந்து எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியில் படித்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், அந்தப் படையில் இலங்கை சென்று, 1987 நவம்பர் 25 அன்று நெஞ்சில் குண்டு பாய்ந்த பின்னும், சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரை வீழ்த்தி, தம் வீரர்களுக்கு உத்தரவிட்டபடியே உயிர்விட்டார். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது.

ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் படை சென்னை திரும்பியபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. கொல்லப்பட்ட ஈழத்தமிழர்களுக்காக அவர் காட்டிய எதிர்ப்பு அது. அதன் வலி எனக்கும் புரிகிறது. ஆயினும், அனுப்பியவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய கணக்கை, உத்தரவுக்குப் பணிந்து போய்வந்தவர்களிடம் தீர்த்துக்கொண்டது நியாயமன்று என்பதே என் உறுதியான கருத்து.