அடுப்படியில் கேட்கும் நாடகம்

அன்புள்ள ஐயா,

நான் திண்டுக்கல்லில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் தொலைக்காட்சி நாடகம், சுயாதீனத் திரைப்படம் இரண்டையும் சேர்த்து ஒரு தாள் இருக்கிறது. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு படைப்பை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். ‘கூழாங்கல்’ படத்தைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் சீரியலைப் பற்றி என்ன எழுதுவது? அம்மா தினமும் மூன்று நாடகம் பார்க்கிறார். அரை மணி நேரத்தில் ஒன்றுமே நடப்பதில்லை. வகுப்பில் சீரியல் என்றாலே சிரிக்கிறார்கள். தரமில்லாத ஒன்றை எதற்காகப் பாடமாகப் படிக்க வேண்டும்? படத்தை உயர்த்தியும் சீரியலைத் தாழ்த்தியும் எழுதினால் போதாதா?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

போதாது. அப்படி எழுதும் கட்டுரையில் உங்கள் விருப்பு வெறுப்பு தெரியுமே தவிர, இவ்விரண்டும் எப்படி உருவாகின்றன, யாருக்காக உருவாகின்றன, எந்தச் சூழலில் பார்க்கப்படுகின்றன என்பது தெரியாது. ஊடகத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான். ‘அரை மணி நேரத்தில் ஒன்றுமே நடப்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல கவனிப்பு. அதைக் குற்றச்சாட்டாக நிறுத்திவிடாமல், ஏன் நடப்பதில்லை என்று கேட்டிருந்தால் கட்டுரை அங்கேயே தொடங்கியிருக்கும்.

உங்கள் அம்மா ‘நாடகம்’ என்கிறார். நீங்கள் ‘சீரியல்’ என்கிறீர்கள். அம்மாவின் சொல்லே பொருத்தமானது என்பது என் எண்ணம்; வானொலி நாடகம்போல இதுவும் பெரும்பாலும் காதால் கேட்கப்படுவது. ஒரு நாள் மாலை அவர் நாடகம் பார்க்கும்போது திரையைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள். தொலைக்காட்சி கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருப்பார். யாரோ குரலை உயர்த்தும்போதோ பின்னணி இசை திடுமென மாறும்போதோ கரண்டியும் கையுமாக நிலைப்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தோசை கருகுவதற்குள் திரும்பிவிடுவார். மறுநாள் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓர் அத்தியாயத்தை முழுதாகக் கேட்டுப் பாருங்கள். கதையில் ஏறக்குறைய எதுவும் விட்டுப்போகாது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைப் பெயரையும் உறவுமுறையையும் சொல்லி அழைத்தே தெரிவித்துவிடுவார்கள். மனத்தில் ஓடுவதைக்கூடத் தனிக்குரலாக ஒலிக்கவிடுவார்கள். நேற்று நடந்ததை இன்று இருவர் மறுபடியும் பேசுவார்கள். ஓர் அதிர்ச்சிச் செய்தி வந்ததும் அங்கே நிற்கும் ஐந்து பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்களே என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அந்த அரை நிமிடத்தில்தான் அடுப்படியில் இருப்பவர் கூடத்துக்கு வந்து சேர்கிறார்.

இந்த வடிவம் தொடக்கத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் தொடர் என்றால் வாரத்துக்கு ஒன்று. 13 வாரங்களில் முடிந்துவிடுவது வழக்கம். அதற்கென்று நேரம் ஒதுக்கி, கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தது. 1999இல் தொடங்கிய ‘சித்தி’ பெற்ற பெரும் வரவேற்புக்குப் பிறகு, வேலை நாள்தோறும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர் தமிழில் நன்றாக வேரூன்றிவிட்டது. 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ 1500 அத்தியாயங்களைத் தாண்டியது. விளம்பரம் நீங்கலாக அத்தியாயத்துக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 500 மணி நேரம் ஆகிறது. நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் ‘கூழாங்கல்’ ஏறத்தாழ 75 நிமிடம்.

500 மணி நேரக் கதையை எவரும் முழுதாக எழுதி வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்குப் போக முடியாது. இன்று எடுப்பது சில நாட்களில் ஒளிபரப்பாக வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் டிஆர்பி கணக்கு வாரந்தோறும் வருகிறது. எந்தப் பாத்திரம் வரும்போது பார்வையாளர் கூடுகிறார்கள் என்று தெரிந்தால் கதை அந்தப் பக்கம் வளைகிறது. நடிகர் ஒருவர் விலகினால், ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஓர் அட்டையைக் காட்டிவிட்டுத் தொடர் நகர்கிறது. 2023 செப்டம்பரில் ‘எதிர்நீச்சல்’ தொடரின் டப்பிங் பணியில் இருந்த நடிகர் மாரிமுத்து மாரடைப்பால் இறந்தபோது தமிழ்நாடே ஒரு வீட்டு மனிதரை இழந்ததுபோல் பேசிக்கொண்டது. ஆதி குணசேகரன் என்ற அந்தப் பாத்திரத்தைப் பிறகு வேல ராமமூர்த்தி ஏற்று நடித்தார். மனிதர் போன பிறகும் பாத்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு வடிவம் இது. இதைத் தரம் என்ற ஒற்றைச் சொல்லால் அளந்துவிட முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

அதனால் சீரியலில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெண்களைப் பெண்களுக்கு எதிராக நிறுத்தியே ஆண்டுக்கணக்கில் கதை ஓட்டுவதை நானும் வெறுக்கிறேன். ஆனால் அந்த வெறுப்பைக் கட்டுரையில் வைப்பதற்கு முன், வீட்டுக்குள் நடப்பதையே கதையாக்குவதால் யாருக்கு என்ன மிச்சமாகிறது என்று பாருங்கள். ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து, அதே கூடத்திலும் அதே மாடிப்படியிலும் எட்டுப் பத்துப் பேரை வைத்து நாளுக்கு ஓர் அத்தியாயம் எடுத்தாக வேண்டியவர்களுக்கு, சண்டையும் அந்த வீட்டுக்குள்ளேயே நடப்பது வசதி.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். குடிகாரத் தகப்பன், பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்துவர, பள்ளியிலிருந்த மகனையும் இழுத்துக்கொண்டு போகிறான். பையன் பணத்தைக் கிழித்துப் போட்டுவிட, இருவரும் வெயிலில் நடந்தே திரும்ப வேண்டியதாகிறது. தாகத்துக்காகப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து, ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கற்களோடு வைக்கிறான். அவன் இந்த வழியில் எத்தனை முறை நடந்திருக்கிறான் என்பதை அந்தக் கற்குவியல் சொல்லிவிடுகிறது. வாயைத் திறந்து ஒருவரும் சொல்வதில்லை. இதே செய்தி ஒரு நெடுந்தொடரில் வந்திருந்தால், ‘இந்தச் சின்ன வயசுல இவன் எத்தனை தடவைதான் இப்படி நடப்பான்’ என்று ஒரு பாட்டி அழுதிருப்பார். அந்தப் பாட்டியைக் கண்டு சிரிக்காதீர்கள். தோசைக்கல்லின் முன்னால் நிற்பவருக்குக் கற்குவியல் தெரியாது. பாட்டியின் குரல் கேட்கும். படம் உங்கள் கண் முழுவதையும் கேட்கிறது. நாடகம் வேலை செய்பவரின் காதை மட்டும் கேட்கிறது. உங்கள் ஒப்பீட்டை இந்த இடத்தில் ஊன்றி நிறுத்தினால், இரண்டு படைப்புகளையும் காட்சி காட்சியாகப் பேச வழி கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘சுயாதீனம்’ என்ற சொல்லை அப்படியே நம்பி எழுதிவிடாதீர்கள். எதிலிருந்து சுயாதீனம் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். 1979இல் இயக்குநர் ஜெயபாரதி ‘குடிசை’ படத்தை மக்களிடம் பணம் திரட்டி எடுத்தார். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடெஸா என்ற திரைப்படக் குழுவில் இருந்த அவருடைய நண்பர்களும் ஊர் ஊராகப் பணம் சேர்த்து 1986இல் ஒரு படத்தை முடித்து, அந்த ஊர்களுக்கே கொண்டுபோய்த் திரையிட்டார்கள். அவர்கள் தயாரிப்பாளரையும் விநியோகஸ்தரையும் ஒருசேர விலக்கிப் பார்த்தவர்கள். ‘கூழாங்கல்’ இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் வழி வேறு. தன் சகோதரிக்கு நேர்ந்த ஓர் அனுபவத்திலிருந்து அவர் எழுதிய படத்தை, நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் தங்கள் தயாரிப்பு நிறுவனமான ரவுடி பிக்சர்ஸ் மூலம் ஏற்றுக்கொண்டார்கள். அது 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருதைப் பெற்றது. அவ்வாண்டு ஆஸ்கருக்கான இந்தியப் பரிந்துரையாகவும் சென்றது. அத்தனைக்கும் பிறகு இங்குள்ள பொதுப் பார்வையாளருக்கு அது சோனி லிவ் தளத்தில் கிடைத்தது 2023 அக்டோபரில்தான். வணிகப் படத்தின் பாட்டு, சண்டை, நட்சத்திரம் ஆகியவற்றிலிருந்து விடுபட்ட படம், தன் சொந்த ஊர் மக்களின் கண்ணில் படுவதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. உங்கள் அம்மாவின் நாடகமோ காலையில் எடிட்டிங் முடிந்தால் மாலையில்கூட வீடு வந்து சேர்ந்துவிடும். எது யாரைச் சென்று அடைகிறது என்பதைத் தவிர்த்துவிட்டு இந்தத் தாளை எழுத முடியாது.

வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். அம்மா பார்க்கும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, ஒரு வாரம் முழுவதும் விளம்பரங்களோடு சேர்த்துப் பாருங்கள். தொலைக்காட்சியைத் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பார்க்காமல் இடைவிடாத ஓர் ஓட்டமாகப் பார்க்க வேண்டும் என்று பிரிட்டிஷ் பண்பாட்டு ஆய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இலேயே எழுதினார். விளம்பரத்தை வெட்டிவிட்டு இணையத்தில் பார்த்தால் அந்த ஓட்டம் உங்களுக்குப் பிடிபடாது. எந்த வசனத்தில் இடைவேளை விடுகிறார்கள், வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ‘தொடரும்’ எந்த முகத்தில் விழுகிறது, அம்மா எந்த நொடியில் அடுப்படியிலிருந்து வருகிறார் என்று நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அவரிடம் கதையைக் கேளுங்கள். நீங்கள் கவனிக்காத பத்து விஷயங்களை அவர் சொல்வார்; எந்த நடிகையின் குரல் மாறியிருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலெல்லாம் முடிந்தபின், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் ‘கூழாங்கல்’ படத்தைப் போடுங்கள். நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். அந்தக் கற்கள் வரும் இடத்தில் அவர் என்ன சொல்கிறார், அல்லது ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாரா என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள்.