தரநிலை வகுத்தால் புதுமை முடங்கிவிடாதா?

"எல்லா நிறுவனமும் ஒரே தரநிலையைப் பின்பற்றினால் புதுமை எங்கிருந்து வரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்மாறாகத்தான் நடக்கிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் செம்பனைத் தோட்டத்து அக்கா ஒருவர், மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த போனை நீட்டினார். பழைய போனிலிருந்த நானோ சிம்மை எடுத்துப் போட்டேன். 12.3 மில்லிமீட்டர் நீளம், 8.8 மில்லிமீட்டர் அகலம், நகக்கண் அளவுதான். சற்று நேரத்தில் லைன் வந்துவிட்டது. போனைச் செய்தவர்களும் கோபுரம் நட்டவர்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை! இருவரும் ஒரே தரநிலையைப் பின்பற்றியதுதான் காரணம்.

கைப்பேசி வலைப்பின்னல்களுக்குத் தரநிலை வகுக்க 1998-இல் தொடங்கிய 3ஜிபிபி கூட்டமைப்பில், போட்டி நிறுவனங்களின் பொறியாளர்களே ஒன்றாக உட்கார்ந்து 3ஜி, 4ஜி, 5ஜி விதிகளை எழுதினார்கள். யாருடைய நுட்பம் சிறந்தது என்ற போட்டி அங்கேயே நடக்கும். ஏற்கப்பட்ட நுட்பத்துக்குக் காப்புரிமைக் கட்டணம் கிடைக்கும். அதனால்தான் ஆய்வுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். கூடிப் பேசி முடிவெடுக்க ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பது உண்மைதான்.

அப்புறம், இணையம். கணினிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் விதியான ஐபி நெறிமுறை 1981-லேயே எல்லாரும் படிக்கும்படி வெளியானது. டிம் பெர்னர்ஸ்-லீ, நாம் இணையதளங்களைப் பார்க்கும் உலகளாவிய வலையை (வெப்) உருவாக்கியபோது புதிதாகக் கம்பி இழுக்கவில்லை, எந்தத் தொலைபேசி நிறுவனத்திடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. இருந்த நெறிமுறையின்மேல் தன் வேலையை ஏற்றிவிட்டார்.