போஸ்டர் கலரில் அனிமேஷன் பின்னணி வரையும்போது வானம் ஏன் திட்டுத்திட்டாகிறது? மின்கம்பிகளைத் தூரிகையால் நேராக இழுப்பது எப்படி?

அடியிலுள்ளதை மறைக்கும் வண்ணம்தானே, பிழை நேர்ந்தால் மேலே இன்னொரு பூச்சு பூசிச் சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் தொடக்கத்தில் நானும் நம்பியிருந்தேன். ஆனால் போஸ்டர் கலர் காய்ந்த பின்னும் நீர் பட்டால் இளகக்கூடியது. காய்ந்த வானத்தின் மீது ஈரத் தூரிகையை இரண்டு முறை ஓட்டினாலே அடிப்பூச்சு கலங்கி மேலே வந்துவிடும். நீங்கள் குறிப்பிடும் திட்டுகள் பெரும்பாலும் அப்படி உண்டானவையே.

'மை நெய்பர் டோட்டோரோ' (1988) படத்தின் கலை இயக்குநரான கசுவோ ஓகா போன்ற ஜப்பானியப் பின்னணி ஓவியர்கள், முதலில் தாள் முழுவதையும் நீரால் நனைத்துவிட்டு, அந்த ஈரம் அடங்குவதற்குள் அகலமான தட்டைத் தூரிகையால் வானத்தைத் தீட்டி முடிக்கிறார்கள். மேலே அடர்நீலத்தில் தொடங்கி, அடிவானத்தை நெருங்க நெருங்க வெளிறச் செய்து, மேகங்களின் மென்மையான விளிம்புகளையும் அதே ஈரத்தில் வைத்துவிட வேண்டும். தாளைச் சாய்த்துப் பார்த்தால் ஈரத்தின் மினுமினுப்பு தெரியும். அது மங்கத் தொடங்கியதும் தூரிகையைக் கீழே வைத்துவிடுங்கள். என் வானங்களில் பாதி, அதற்குப் பிறகும் "இன்னும் ஒரே ஒரு முறை" என்று தொட்டதால் கெட்டவை. மேகத்தின் கூர்மையான, ஒளிபட்ட விளிம்புகளை மட்டும் தாள் முற்றிலும் காய்ந்த பிறகு, நீர் குறைந்த கெட்டியான வண்ணத்தில், ஒரே தொடுதலில் வைக்கலாம்.

நடுவில் நின்று வண்ணம் குழைக்க நேரமிருக்காது என்பதால், தேவையான நீலங்களை முன்கூட்டியே கிண்ணங்களில் போதிய அளவு கலந்துகொள்ள வேண்டும். காய்ந்தால் வெளிர்நிறங்கள் சற்று அடர்ந்தும் அடர்நிறங்கள் சற்று வெளிறியும் போகும். ஆகவே அதே தாளின் துண்டொன்றில் பூசி, காயவைத்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள். ஒரே காட்சிக்குப் பல பின்னணிகள் வரைவதானால், எந்தக் கலவை என்று எழுதி அந்தத் துண்டுகளைப் பத்திரப்படுத்துவது நல்லது.

மின்கம்பிகளுக்கு ஜப்பானில் 'மிசோபிகி' என்றொரு முறை உண்டு. நீளவாக்கில் பள்ளம் வெட்டிய அளவுகோலைத் தாளின் மேல் வைத்து, உணவுக் குச்சிகளைப் பிடிப்பதுபோல் ஒரே கையில் கண்ணாடிக் கோலையும் மெல்லிய தூரிகையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். கோலின் முனை பள்ளத்தில் வழுக்கிச் செல்ல, தூரிகையின் நுனி தாளை அதே உயரத்தில் தொட்டபடி கூடவே நகரும். கோடு நடுவில் தடித்தால் தூரிகையைக் கூடுதலாக அழுத்துகிறீர்கள் என்று பொருள். விரல்களை இறுக்காமல், தோளிலிருந்து முழுக் கையையும் நகர்த்திப் பாருங்கள்.